ரத்தத்தில் குறைவு, செல்லுக்குள் கூடுதல்: ஒரு கணைய அழற்சி நோயாளியும் கால்சியமும்

கணைய அழற்சியோடு வந்தவரின் ரிப்போர்ட்டில் கால்சியம் குறைந்திருந்தால் வார்டில் எல்லோருக்கும் கை பரபரக்கும். குறைந்ததை நிரப்பிவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இதே நோயில் கணையத்தின் செல்கள் கால்சியம் மிகுந்து செத்துக்கொண்டிருக்கின்றன. ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இந்த இரண்டும் எப்படி நடக்கின்றன, அதை வைத்துப் படுக்கையருகே என்ன முடிவெடுப்பது என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம். நோயாளியை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த விதம்

வயது 43. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு வடகிழக்கே மலையடிவாரத்தில் வீடு. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பதினைந்து வருடத்துக்கும் மேலாகக் குடி, அதோடு பீடி. சாதாரண நாட்களில் சாயங்காலம் ஒரு குவார்ட்டர். அதிகாலையில் வெட்டுக்குப் போக வேண்டும் என்பதால் அளவு ஓரளவு கட்டுக்குள் இருந்தது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, விடாமல் பிடித்துக்கொண்டால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. வேலையும் இல்லை, காலையில் எழ வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த முறை மழையோடு சொந்தத்தில் ஒரு கல்யாணமும் சேர்ந்துகொண்டது. மூன்று நாள் குடியும் கறியுமாகப் போயிருக்கிறது.

நான்காம் நாள் விடியற்காலையில் மேல் வயிற்றில் வலி தொடங்கி முதுகுக்குப் பாய்ந்தது. மல்லாந்து படுக்க முடியவில்லை, குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலாம் என்றார். பச்சையாக வாந்தி. பக்கத்து கிளினிக்கில் கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மேல் வயிற்று வலிக்கு முதல் பார்வையில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மத்தியானம் கழிந்தும் வலி அடங்காததால் எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

வந்தபோது நாடித்துடிப்பு 118, மூச்சு நிமிடத்துக்கு 26, ரத்த அழுத்தம் 100/70, ஆக்சிஜன் 92 சதவீதம். நாக்கு உலர்ந்திருந்தது. வயிறு மேல்பகுதியில் தொட்டாலே வலி, குடல் சத்தம் குறைவு. கொழுப்பைச் செரிக்கும் கணைய நொதியான லிபேஸ் 1,460, அந்த லேபில் மேல் வரம்பு 60. வெள்ளணுக்கள் 16,800. ஹீமட்டோகிரிட் 49 சதவீதம், அதாவது உடம்பில் தண்ணீர் வற்றி ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது. யூரியா 58, கிரியாட்டினின் 1.4. டிரைகிளிசரைடு 310, கூடுதல்தான், ஆனால் கணைய அழற்சிக்கு அதைக் காரணமாகச் சொல்வதென்றால் 1,000ஐ ஒட்டியாவது இருக்க வேண்டும். அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் கல் இல்லை, பித்தக்குழாய் விரியவில்லை. கணையத்தை வாயு மறைத்திருந்தது, அது வழக்கம். நெஞ்சு எக்ஸ்ரேயில் இடது நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் நீர்.

கணைய அழற்சி என்று உறுதிசெய்ய, 2012ல் திருத்திய அட்லாண்டா வரையறைப்படி மூன்றில் இரண்டு இருந்தால் போதும்: இந்த நோய்க்கே உரிய வலி, மூன்று மடங்குக்கு மேல் நொதி, ஸ்கேனில் மாற்றம். முதல் இரண்டும் இருந்தன. சிடி எடுக்கச் சொல்லி உறவினர் கேட்டார்கள். முதல் நாளில் எடுக்கும் சிடி பெரும்பாலும் பிரயோஜனப்படாது. செத்த பகுதி எது, பிழைத்த பகுதி எது என்று பிரிந்து தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். நோய் கண்டறிவதில் சந்தேகம் இல்லாதபோது காத்திருப்பதே சரி. நோய் எவ்வளவு மோசமாகலாம் என்று கணிக்கும் பைசாப் மதிப்பெண் 3. அதனால் தீவிர கண்காணிப்புப் பிரிவில் வைத்தோம்.

இரண்டாம் நாள் எண்

சேர்ந்த அன்று மொத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.4 மில்லிகிராம். மறுநாள் 7.2. ரான்சன் 1974ல் வகுத்த பழைய அளவுகோலிலேயே முதல் 48 மணி நேரத்தில் கால்சியம் 8க்குக் கீழே இறங்குவது மோசமான அறிகுறிகளில் ஒன்றாக இருக்கிறது. அதனால் இந்த எண்ணை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த மனைவி கேட்டார்: "சாரே, கால்சியம் கொறவுன்னு கெடக்கே. மைனிக்குப் பேறுகாலத்துக்கு வாங்குன மாத்திரை பாக்கி இருக்கு. அதக் குடுக்கலாமா?"

"வேண்டாம்மா. ரத்தத்துல கொறஞ்சது வேற, கணையத்துக்க உள்ள நடக்கது வேற. மாத்திரை இப்ப ஒண்ணும் செய்யாது" என்றேன். அவர் தலையாட்டினாலும் திருப்திப்படவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நியாயம்தான். விளக்கம் அந்த இரண்டு வரியில் அடங்காது.

அன்று இரவு ஒரு மணியளவில் நர்ஸ் போன் செய்தார். "டாக்டர், அந்த பேங்கிரியாட்டைட்டிஸ் ஆளுக்கு ரெண்டு கையும் நடுங்குது. கால்சியம் 7.2. குளுக்கோனேட் போட்டிரட்டுமா?"

போய்ப் பார்த்தேன். வியர்வை, படபடப்பு, மின்விசிறியையே வெறித்துக்கொண்டிருந்தார். கைகளை நீட்டச் சொன்னபோது விரல்கள் வேகமாக நடுங்கின. வலது உள்ளங்கையில் கத்திப்பிடியின் காய்ப்பு, நகக்கண்ணில் ரப்பர் பால் காய்ந்த கறுப்பு. கால்சியம் குறைந்து வரும் இசிவில் கை நடுங்காது, பிடித்துக்கொள்ளும்: மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரல் உள்ளே வந்து, மற்ற விரல்கள் நீண்டு குவியும். வாயைச் சுற்றி மரத்துப்போகும். "உதடு மரக்குதா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு இல்லை என்றார். ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைப் புஜத்தில் கட்டி, மேல் அழுத்தத்தைவிடக் கூட்டிக் காற்றை நிறுத்தி மூன்று நிமிடம் வைத்தோம். கை சிவந்து கறுத்ததே தவிர விரல்கள் குவியவில்லை. கால்சியம் மிகவும் குறைந்தால் ஈசிஜியில் கியூடி என்ற இடைவெளி நீளும்; இவருக்கு அது 446 மில்லிசெகண்ட், பயப்படும் அளவுக்கு நீளவில்லை. கடைசியாகக் குடித்து இரண்டு நாள் ஆகிறது. இது கால்சியம் நடுக்கம் இல்லை, குடி நின்றதால் வந்த நடுக்கம். அதை அடக்கும் லோரசெபம் போட்டோம், தயாமின் வைட்டமின் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் உறங்கிவிட்டார்.

கால்சியம் குளுக்கோனேட் ஆம்பூலை டிராலியிலேயே வைத்திருக்கச் சொன்னேன். இசிவு, வலிப்பு, கியூடி நீளுதல், இதயத் துடிப்பு தவறுதல், இவற்றில் எது வந்தாலும் தயங்காமல் மெதுவாக ஊசியில் ஏற்ற வேண்டும். அப்போது ரத்தக் கால்சியத்தைக் காப்பாற்றுவதுதான் முக்கியம், மற்ற வாதமெல்லாம் அப்புறம். இவருக்கு அது தேவைப்படவில்லை.

எண்ணைப் பிரித்துப் பார்த்தால்

7.2 என்பது மொத்தக் கால்சியம். ஏறத்தாழ அதில் பாதி புரதத்தோடு, குறிப்பாக ஆல்புமினோடு, ஒட்டிக்கொண்டிருப்பது. இவருடைய ஆல்புமின் 2.9. நடைமுறையில் உள்ள திருத்தத்தைப் போட்டால் கால்சியம் 8.1 பக்கம் வருகிறது. அயனிக் கால்சியம், அதாவது உண்மையில் வேலை செய்யும் பகுதி, லிட்டருக்கு 0.98 மில்லிமோல். இயல்பு 1.1க்கு மேல். ஆக, குறைவு உண்மைதான், ஆனால் 7.2 என்ற எண் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை.

எங்கே போனது அந்தக் கால்சியம்? கணையத்திலிருந்து கசியும் லிபேஸ் சுற்றியுள்ள கொழுப்பை உடைக்கிறது. வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாகின்றன. அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் வயிற்றுக்குள் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்திருப்பார்கள், அது இதுதான். இது ஒரு பகுதி. இன்னொன்றைப் பலர் பார்ப்பதில்லை: மெக்னீசியம். நாள்பட்ட குடியில் சிறுநீர் வழியே மெக்னீசியம் போய்விடுகிறது. அது குறைந்தால், ரத்தக் கால்சியத்தைத் தாங்கிப் பிடிக்கும் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதும் குறையும், சுரந்தது வேலை செய்வதும் குறையும். இவருக்கு மெக்னீசியம் 1.3. இந்த நிலையில் எவ்வளவு கால்சியம் ஊற்றினாலும் நிற்காது. நாங்கள் ஏற்றியது மெக்னீசியம் சல்பேட். கால்சியம் ஊசி ஒன்றுகூடப் போடாமல் ஆறாம் நாள் மொத்தக் கால்சியம் 8.3க்கு வந்தது.

செல்லுக்குள்

இனி மறுபக்கம். கணையத்தின் பெரும்பகுதி ஆசினார் செல்களால் ஆனது. செரிமான நொதிகளைத் தயாரித்து, செல்லின் உச்சிப் பகுதியில் துகள்களாகக் கட்டி வைத்திருப்பவை இவை. அந்த நொதிகளில் முக்கியமானது டிரிப்சினோஜன். அது உறக்கத்தில் இருக்கும் வடிவம். சிறுகுடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு என்டரோகைனேஸ் என்ற நொதி அதை டிரிப்சினாக எழுப்ப வேண்டும். நோயாளிக்கு இதை அவருடைய தொழிலை வைத்தே சொன்னேன். ரப்பர் பாலை வாளியில் சேர்த்து, ஷீட் அடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், தட்டில் ஊற்றிய பிறகுதானே உறைய ஆசிட் விடுவீர்கள். மரத்தில் கட்டிய சிரட்டையிலேயே ஆசிட் விழுந்துவிட்டால் என்ன ஆகும்? "அங்கயே ஒறைஞ்சி போவும் சாரே, பாலும் போச்சு" என்றார். சரியாகப் பிடித்துக்கொண்டார்.

இந்தத் துகள்களை வெளியே தள்ளச் சொல்லும் உத்தரவு கால்சியம்தான். சாப்பிட்டவுடன் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலினையும் சிறுகுடல் கோலிசிஸ்டோகைனினையும் விடுகின்றன. இவை செல்லுக்குள் ஐபி3 போன்ற தூதுப் பொருட்களை உண்டாக்குகின்றன. அவை எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற உள் சேமிப்பின் வழிகளைத் திறக்கின்றன. ஓய்வில் செல்திரவத்தில் கால்சியம் 0.1 மைக்ரோமோலார் அளவே. சேமிப்பில் அது நூறு மைக்ரோமோலாருக்கும் மேல். வழி திறந்தவுடன் உச்சிப் பகுதியில் மட்டும் சில நொடிகள் கால்சியம் எகிறி மறுபடி அடங்கும். துடிப்புத் துடிப்பாக இது நடக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் நொதி வெளியேறும்.

கால்சியம் உச்சியோடு நின்றுவிடுவதற்குக் காரணம் அங்கே வளையமாக அமைந்திருக்கும் மைட்டோகாண்ட்ரியா, செல்லின் ஆற்றல் கூடங்கள். பரவ வரும் கால்சியத்தை அவை உறிஞ்சிக்கொள்கின்றன என்பதை உடலியல் ஆய்வாளர் ஓலே பீட்டர்சனும் அவர் குழுவினரும் 1999ல் காட்டினார்கள். வேதியியலாளர் ரோஜர் ட்சியன் ஆய்வகத்தில் 1980களில் உருவான, கால்சியத்தைக் கண்டால் ஒளி மாறும் ஃபுரா-2 போன்ற சாயங்கள் இல்லாமல் இதையெல்லாம் பார்த்திருக்க முடியாது. உறிஞ்சிய கால்சியத்தைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியா செல்லின் எரிபொருளான ஏடிபியை இன்னும் அதிகம் செய்கிறது. அந்த ஏடிபியை எரித்துத்தான் செர்கா பம்பு கால்சியத்தைச் சேமிப்புக்குத் திருப்பி அனுப்புகிறது, செல்சவ்வில் உள்ள பம்பு வெளியே தள்ளுகிறது. வேலை கூடும்போது எரிபொருளும் கூடுகிறது. அழகான ஏற்பாடு. நோயில் இந்த ஏற்பாடுதான் கவிழ்கிறது.

குடி எப்படி இதைக் கவிழ்க்கிறது? ஆல்கஹாலே நேரடியாகச் செய்கிறது என்று நினைப்போம். தனி ஆசினார் செல்களில் ஆல்கஹாலை மட்டும் விட்டுப் பார்த்தால், மிக அதிக அடர்த்தியிலும் கால்சியம் பெரிதாக மாறுவதில்லை. ஆல்கஹால் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து உண்டாகும் எத்தில் எஸ்டர்களை விட்டால்தான் கால்சியம் ஏறி, இறங்காமல் நிற்கிறது. லிவர்பூல் குழுவினர் 2004லும் 2006லும் இதைத் தெளிவாக்கினார்கள். இந்த எஸ்டர்கள் கணையத்தில் அதிகம் சேர்கின்றன என்பது அதற்கு முன்பே, 1986ல், போதையில் இறந்தவர்களின் உறுப்புகளைச் சோதித்தபோது தெரியவந்திருந்தது. ஆக, குடியும் கொழுப்பும் ஒரே நேரத்தில் கணையத்தை அடைவது கெடுதல். மழைநாள் கல்யாண விருந்தில் இவருக்கு நடந்தது அநேகமாக அதுதான் என்பது என் ஊகம். ஒருவரின் கணையத்துக்குள் சாயம் விட்டுப் பார்த்து நிரூபிக்க முடியாது.

எஸ்டர்கள் ஐபி3 வழியைத் திறந்து சேமிப்பைக் காலியாக்குகின்றன. சேமிப்பு காலியானதும் ஸ்டிம்1 என்ற புரதம் அதை உணர்ந்து, செல்சவ்வில் உள்ள ஓராய்1 என்ற வழியைத் திறக்கச் சொல்கிறது. சாதாரணமாக இது சேமிப்பை மறுபடி நிரப்புவதற்கான வசதி. இங்கே சேமிப்பு நிரம்புவதே இல்லை, அதனால் வழி மூடுவதும் இல்லை. வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருக்கிறது. உச்சியோடு நிற்காமல் செல் முழுதும் பரவுகிறது. மைட்டோகாண்ட்ரியா தாங்கும் அளவு தாண்டியதும் அதன் உட்சவ்வில் பெரிய துளை திறந்து மின்னழுத்தம் விழுகிறது. எஸ்டர்கள் உடைந்து வரும் கொழுப்பு அமிலங்களும் அங்கேயே ஏடிபி தயாரிப்பைக் கெடுக்கின்றன. ஏடிபி இல்லாவிட்டால் பம்பு ஓடாது. பம்பு ஓடாவிட்டால் கால்சியம் இறங்காது. ஆய்வகத்தில் நுண்குழாய் வழியே ஏடிபியைச் செல்லுக்குள் நேராக ஏற்றியபோது கால்சியம் இறங்கியது. எனக்கு இந்தச் சோதனையில் பிடித்தது அதன் எளிமை: எரிபொருளைக் கொடுத்தவுடன் பம்பு வேலை செய்கிறது, அப்படியானால் பம்பு கெட்டுப்போகவில்லை, பட்டினி கிடந்திருக்கிறது.

ஏறி நிற்கும் இந்தக் கால்சியத்தால் உச்சிப் பகுதியில் குமிழ்கள் உண்டாகி, டிரிப்சினோஜன் அங்கேயே டிரிப்சினாகிறது. கணையம் தன்னைத் தானே செரித்துக்கொள்கிறது என்று நோயியல் நிபுணர் ஹான்ஸ் கியாரி 1896லேயே சொன்னார். கால்சியம்தான் தொடக்கப் பொறியாக இருக்கலாம் என்ற கருத்தை 1995ல் லான்செட் இதழில் முன்வைத்தார்கள். வெளியே கால்சியம் இல்லாமல் செய்துவிட்டால் செல்லுக்குள் டிரிப்சின் எழுவதில்லை என்பதை 2000ல் வந்த சோதனை காட்டியது. ஆனால் எல்லாப் பழியையும் டிரிப்சின் தலையில் போடவும் முடியாது. உள்ளேயே விழிக்கும் முக்கிய டிரிப்சினோஜன் இல்லாமல் வளர்த்த எலிகளுக்கும் அழற்சி வருகிறது, அது 2011ல் தெரிந்தது. செல் சாவதும் வீக்கம் கிளம்புவதும் டிரிப்சினைத் தாண்டிய பாதைகளிலும் நடக்கின்றன. அந்தப் பாதைகள் பலவற்றுக்கும் கால்சியமே தொடக்கம்.

பித்தப்பைக் கல்லால் வரும் அழற்சியும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. பித்த அமிலங்கள் ஆசினார் செல்லில் கால்சியத்தை ஏற்றிவிடும். குழாய் அடைபட்டு அழுத்தம் கூடினால் பியேசோ1 என்ற அழுத்த உணரி திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. எண்டோஸ்கோப்பியில் பித்தக்குழாய் வழி சாயம் செலுத்திய பின் சிலருக்கு வரும் அழற்சிக்கும் இது ஒரு விளக்கம். லுக்கேமியா குழந்தைகளுக்குக் கொடுக்கும் அஸ்பராஜினேஸ் மருந்தும் இப்படியே. காரணங்கள் எத்தனையோ, செல்லுக்குள் அவை கூடும் இடம் ஒன்று.

ஒரு சின்னக் கணக்கு

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் செல்லுக்குள் போவதும் குறையும்தானே, அது கணையத்துக்கு நல்லதில்லையா என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியே இயல்பாக 1.2 மில்லிமோலார், அதாவது 1,200 மைக்ரோமோலார். உள்ளே 0.1. வித்தியாசம் 12,000 மடங்கு. இவருடைய 0.98ஐ வைத்தால் 9,800 மடங்கு. வழி திறந்திருக்கும்வரை இந்த இறக்கம் ஒன்றுமே இல்லை. உள்ளே எவ்வளவு வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஓராய்1 திறந்திருக்கிறதா என்பதும் பம்புக்கு ஏடிபி இருக்கிறதா என்பதும்தான். ரத்தக் கால்சியம் குறைவது நோய் எவ்வளவு முற்றியது என்பதன் விளைவு. அது பாதுகாப்பும் இல்லை, நோயின் காரணமும் இல்லை.

அப்படியானால் கால்சியம் ஏற்றினாலும் ஒன்றும் ஆகாதா? மறுதிசையில் எச்சரிக்கை உண்டு. பாராதைராய்டு கட்டியால் ரத்தக் கால்சியம் நாள்பட உயர்ந்திருப்பவர்களுக்குக் கணைய அழற்சி வருவது தெரிந்த விஷயம். இதய அறுவையின்போது அதிக அளவில் கால்சியம் குளோரைடு கொடுக்கப்பட்டவர்களிடம் கணையச் செல் பாதிப்பு கூடுதலாக இருந்ததை 1991ல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் வந்த ஆய்வு பதிவு செய்தது. நோயில் தள்ளாடும் கணையத்துக்கு, அறிகுறி எதுவும் இல்லாதபோது, ஒரு எண்ணைச் சரிசெய்வதற்காக மட்டும் கால்சியத்தை வேகமாக ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. இசிவு இருந்தால் கொடு, இல்லாவிட்டால் மெக்னீசியத்தைப் பார், காத்திரு. இதுதான் என் முடிவு.

இதிலிருந்து இன்னொரு பயனும் கிடைக்கிறது. கணைய அழற்சி முற்றிய நிலையிலும் கால்சியம் குறையாமல் இயல்பாகவே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அடியில் உயர்ந்த கால்சியம் இருந்து, சோப்பாகிக் குறைந்து, இயல்புபோலத் தெரிகிறதோ என்று. கல்லும் குடியும் இல்லாதவர்களுக்குக் குணமான பின் கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் மறுபடி பார்த்துவிடுவது நல்லது.

கொடுத்த சிகிச்சை

சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் திரவம் முதலில் உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லி, பிறகு மணிக்குக் கிலோவுக்கு 1.5 மில்லி. முன்பெல்லாம் கணைய அழற்சி என்றால் பாட்டில் பாட்டிலாக ஏற்றுவோம். 2022ல் வந்த வாட்டர்ஃபால் ஆய்வு அதை நிறுத்தியது: அதிகம் ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு நீர் மிகுதி, மிதமாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம். நோய் முற்றுவதைத் தடுப்பதில் வேகமாக ஏற்றியதால் பலன் தெரியவில்லை. ரிங்கர் லாக்டேட்டிலும் கால்சியம் இருக்கிறதே என்றால், அது ரத்தத்தில் உள்ள அயனிக் கால்சியத்தின் அளவை ஒட்டியதுதான். ரத்தக் கால்சியம் ஏற்கெனவே உயர்ந்திருப்பவர்களுக்கு மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும்.

வலிக்கு ஓபியாய்டு. ஆன்டிபயாடிக் இல்லை, தொற்று இல்லாதபோது முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பதால் பலனில்லை. மூக்கு வழி ஆக்சிஜன் முப்பது மணி நேரம் தேவைப்பட்டது, பிறகு எடுத்தோம். மூன்றாம் நாள் வாந்தி நின்றதும் கஞ்சி. "கொடலுக்கு ரெஸ்ட் குடுக்க வேண்டாமா?" என்று மச்சான்காரர் கோபப்பட்டார். பட்டினி போடும் பழக்கம் போய்விட்டது. சீக்கிரம் வாய்வழி கொடுப்பது குடல் சுவரைக் காக்கிறது. ஏடிபி கதையைப் படித்தபின் செல்லுக்கும் எரிபொருள் வேண்டும் என்று சொல்லத் தோன்றும். அதை மனிதர்களிடம் நிரூபித்தாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

ஐந்தாம் நாள் சிடியில் கணைய வாலில் 30 சதவீதத்துக்கும் குறைவான பகுதி செத்திருந்தது, இடப்பக்கம் நீர்த்தேக்கம். உறுப்புச் செயலிழப்பு 48 மணிக்குள் தீர்ந்துவிட்டதால், அட்லாண்டா வகைப்படி மிதமான தீவிரம்.

ஓராய்1 வழியை அடைக்கும் மருந்து இருந்தால் இவருக்கு முதல் நாளே கொடுத்திருப்போமா? எலிகளில் இந்த அடைப்பான்கள் கணையச் செல் சாவைத் தடுத்தன. 2013லும் 2015லும் வந்த ஆய்வுகள் அவை. ஆக்சோரா என்ற அடைப்பான் மனிதர்களிடம் இரண்டாம் கட்டச் சோதனைவரை போயிருக்கிறது. வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. ஒரு நடைமுறைச் சிக்கலை மட்டும் சொல்கிறேன். எலிக்கு நோயை உண்டாக்கி ஒரு மணி நேரத்தில் மருந்து கொடுக்கலாம். மலையோரத்தில் விடியற்காலை வலி வந்தவர் கிளினிக், பஸ், ஆட்டோ எல்லாம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் அரைநாள் போய்விடுகிறது. அதற்குள் முதல் சுற்றுச் செல்கள் செத்திருக்கும். தடுக்க முடிந்தால் இரண்டாம் சுற்றைத்தான்.

மரச்சீனியும் கல்லும்

இந்த மாவட்டத்தில் கணையம் என்றவுடன் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தின்றதால் வந்ததா? 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்கள் இவை, மரச்சீனியும் மீனும் அன்றாடச் சாப்பாடு. கேரளத்தில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் கணையக் கல் நோயாளிகளைப் பெரும் எண்ணிக்கையில் பதிவு செய்த காலத்தில் மரச்சீனி மீது சந்தேகம் விழுந்தது. பிற்பாடு அது நிலைக்கவில்லை; ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் காணப்பட்டது. அந்த மரபணு தருவது, தவறிப்போய் எழும் டிரிப்சினைக் கட்டிப்போடும் புரதத்தை. கல்லில் இருப்பது கால்சியம் கார்பனேட். குழாய்க்குள் வருடக்கணக்கில் படிவது அது. செல்லுக்குள் நொடிகளில் எகிறும் கால்சியத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவருடைய சிடியில் கல்லோ சுண்ணாம்புப் படிவோ இல்லை. மரச்சீனி சாப்பிடலாம் என்று சொன்னேன். கூட வறுத்த மீனும் எண்ணெயும் இப்போதைக்கு வேண்டாம்.

பிறகு

பதினொன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். குடிநோய்ச் சிகிச்சைக்கு மனநலப் பிரிவோடு இணைத்தோம். பீடியை விடச் சொன்னதைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. புகையும் தனியாகவே கணையத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

ஆறு வாரம் கழித்து வந்தார். வலி இல்லை. எடை மூன்று கிலோ குறைவு. கால்சியம் 9.1, ஆல்புமின் 3.8, மெக்னீசியம் 1.9. மாத்திரை எதுவும் எடுக்கவில்லை என்று மனைவி தானாகவே சொன்னார். அல்ட்ராசவுண்டில் நீர்த்தேக்கம் பாதியாகச் சுருங்கியிருந்தது. தொந்தரவு தராதவரை அதைத் தொட வேண்டியதில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. வால் பகுதியில்தான் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் நெருக்கமாக இருக்கின்றன என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கவும், மலம் எண்ணெய்ப்பசையாகப் போனால் உடனே வரவும் எழுதிக் கொடுத்தேன். குடிக்கவில்லை என்கிறார். மழை விட்டுவிட்டது, வெட்டுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் மனநலப் பிரிவில் ஒருமுறை பார்க்கத் தேதி வாங்கியிருக்கிறோம்.